மனநோய் பரிகாசப் பொருளா?

ஓயாது கை கழுவுவோரைக் கண்டு நகைப்போரே! "மனத்தை அடக்கினால் தீரும்" என உபதேசிப்போரே! அமெரிக்க ஆசிரியர் ஜான் கிரீன் 2017-இல் இளைஞர்க்கென எழுதிய ‘டர்ட்டில்ஸ் ஆல் தி வே டவுன்’ என்னும் நாவலைப் படித்துப் பாருங்கள்.

இண்டியானாபொலிஸ் நகரத்துப் பதினாறு வயதுப் பெண் ஏஸா. கிருமி தன் உடலுட் புகுந்ததோ என்னும் எண்ணம் அவளை விடாது வதைக்கிறது. விரற்புண்ணைத் தானே கீறிக் கீறிக் கட்டுகிறாள். மருத்துவமனையில் கைக்கிடும் கிருமிநாசினியையே குடிக்கிறாள். அது வீண் அச்சமென அறியாதவளா? அறிவாள்! அறிந்தும் விடுபட இயலாமையன்றோ நோய்!

"முடிவில் அவள் குணமடையவில்லையே" எனக் குறை கூறுவர் சிலர். அதுவே நூலின் நேர்மை. அந்நோயைத் தாமே அனுபவிக்கும் ஆசிரியர் பொய்ச் சுகம் காட்ட மறுத்தார்.

கால் ஒடிந்தவனை ‘நட’ என்று அதட்டுவோமா? வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். மனம் நோயுற்றார்க்கும் அதுவே நியாயம்!