சொல்லும் பொருளும்

யான் ஆசிரியப் பணியேற்ற தொடக்க நாள்களில், வகுப்பில் பழைய பாட்டொன்றைப் படித்து உரை கூறிக்கொண்டிருந்தேன். மலரின் 'நாற்றம்' என்னும் தொடர் வந்ததும் மாணவன் ஒருவன் நகைத்துவிட்டான். சினங்கொண்ட யான் பாடவேளை முடியுங்காறும் அவனை எழுந்து நிற்கச் செய்தேன். அதன்பின் அவன் தமிழ் வகுப்பில் வாய் திறந்ததேயில்லை. பிழை என்னுடையதென உணரப் பல்லாண்டுகள் ஆயின.

நாற்றம் என்றால் தீய வாடை என்றே வீட்டிலும் தெருவிலும் கேட்டு வளர்ந்தவன் அவன். திருவள்ளுவரோ ஐம்புலன்களை எண்ணுமிடத்து, மூக்கினால் உணரப்படுவதை நாற்றம் என்றார். பிறிதோரிடத்தில் மொட்டினுள் அடங்கிய மணத்தையும் அச்சொல்லாலேயே குறித்தார். நன்மணம் தீமணம் இரண்டற்கும் பொதுவாய் நின்ற சொல், பிற்காலத்தில் தீயதற்கே உரியதாகச் சுருங்கிற்று. இதனை முன்னரே கூறாதது யான் செய்த தவறு. நூலின் இறுதியில் 'நாற்றம் - மணம்' என அரும்பதவுரை இருந்தது உண்மையே. தேர்வுக்கு அது போதும்; ஐயம் தீர்வதற்குப் போதாது. வழக்கிற்கு ஒவ்வாத பொருளில் ஒரு சொல் வரக் கண்டால், மாணவர் அஞ்சாது வினவுதல் வேண்டும்.

சில சொற்களின் பொருள் விரிதலும் உண்டு. எள்ளின் நெய்யே எண்ணெய். இன்றோ தேங்காயெண்ணெய் என்கிறோம். எள்ளோடு யாதொரு தொடர்புமற்ற மண்ணெண்ணெய் என்றும் கூசாது கூறுகிறோம்! தன் பெயரைப் பிறவற்றிற்கு ஈந்துவிட்ட எள்ளின் நெய்யை, நல்லெண்ணெய் என வேறு பிரித்துரைக்க வேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம் மொழியின் சிதைவென வருந்துவார் உளர். யானும் ஒருகாலத்து அவ்வாறே வருந்தினேன். இன்று அக்கருத்து எனக்கில்லை. மக்கள் நாவில் வழங்கும் மொழியில் பொருள் பெயர்தல் இயல்பு. இவ்வாராய்ச்சிக்கெனப் பிரெஞ்சு அறிஞர் மிசெல் பிரெயால் 1897ஆம் ஆண்டில் தனிநூல் இயற்றினார். சொற்பொருளின் காரணம் பார்த்த அளவில் விளங்காது என்பதைத் தொல்காப்பியர் நெடுங்காலம் முன்னரே கூறியுள்ளார். விளங்காது என்றாரேயன்றித் தேடற்க என்றாரல்லர்.

தேடுவார்க்குச் சான்று பலகாலும் அருகிலேயே கிடைக்கும். அகப்பொருள் இலக்கணத்தில் கிழவன், கிழவி என வருவோர் முதியோரல்லர். ஒருவர்க்கொருவர் உரிமை பூண்ட தலைவனும் தலைவியுமாவர். கிழமை என்பது உரிமை. கிழவன் என்னும் சொல்லில் அப்பொருள் இன்று மறைந்துவிட்டது. ஆயினும், 'ஞாயிற்றுக்கிழமை விடுமுறை' என்று துள்ளும் சிறுவன், ஞாயிற்றிற்கு உரிய நாள் என்னும் அப்பழம்பொருளைத் தான் அறியாமலே வாரந்தோறும் வழங்கி வருகின்றான்.