படிக்கட்டு எங்கே இருக்கிறது?

எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்பிள்ளைக்கு உரியது. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் மகள் வளர வளர வாப்பா கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிடுவார். கலியாணத்தோடு உறுதி அவள் பெயருக்கு மாறும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவருவார். இந்த வழக்கத்தால் ஏழை வாப்பாமார் படும் பாடு வேறு கதை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் உண்மை: குசினி எந்தப் பக்கம் வரவேண்டும், பின்கதவு எங்கே திறக்கவேண்டும், ஜன்னலுக்குக் கம்பி போடுவதா என்றெல்லாம் உம்மாவும் மகளும் சொல்லும் சொல்லுக்கு அந்த வீட்டில் இடம் இருக்கிறது.

அதே பெண் கணவனோடு டோஹாவுக்கோ துபாய்க்கோ போகும்போது நிலைமை தலைகீழாகிவிடுகிறது. வேலை முடிந்த ஒரு மாலையில் கூட்டாளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு கணவர் வீடு பார்க்கிறார். வாடகை எவ்வளவு, வேலைத்தலம் எவ்வளவு தூரம், பக்கத்தில் பள்ளிவாசல் உண்டா, ஏசி நன்றாக ஓடுகிறதா என்று நாலு விடயம் பார்த்து, முற்பணத்தைக் கட்டித் திறப்பை வாங்கிவிடுகிறார். அவரில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, குடும்பத்தைக் கூப்பிடும் அவசரம் அவருக்கு. ஆனால் விடிந்தால் அவர் வேலைக்குப் போய்விடுவார். பதினாலாம் மாடியில் இரண்டு பிள்ளைகளோடு பகல் முழுக்க இருக்கப்போவது அவள். அந்த வீட்டைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒப்பந்தத்தில் கையொப்பம் விழக்கூடாது என்பதே என் வாதம்.

என்ன கேட்பது என்று நமக்குத் தெரியாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. நாம் நிலத்தில் வாழ்ந்தவர்கள். முன்கதவு, பின்கதவு, சுற்றிவர வளவு. ஆபத்து வந்தால் வெளியே ஓடுவதுதான் நமக்குத் தெரிந்த பாதுகாப்பு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோதும் எங்கள் உம்மாமார் அப்படித்தான் மேற்கே வயல் பக்கமாக ஓடினார்கள். சுனாமிக்குப் பிறகு கிறீன் பீல்டில் தொடர்மாடிகள் எழுந்தன என்றாலும், நம்மில் பெரும்பாலானோருக்கு மாடி என்பது இன்னும் உடுப்புக் காயப்போடும் இடம்தான். ஆகவே தீ என்றதும் சுவாலையைத்தான் நினைக்கிறோம். உயர்ந்த கட்டடங்களில் அதிகமான ஆட்களைக் கொல்வது சுவாலை அல்ல, புகை.

2022 ஜனவரி 9ஆம் திகதி நியூயோர்க்கின் புரோங்ஸ் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். பத்தொன்பது மாடிக் கட்டடம். குடியிருந்தவர்களில் பலர் காம்பியாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள். குளிருக்காக வைத்திருந்த மின்சூடாக்கி ஒன்றில் பற்றிய நெருப்பு, கீழ் மாடியிலிருந்த அந்த ஒரு வீட்டையும் அதன் வாசல் நடைகூடத்தையும் தாண்டி அதிகம் போகவில்லை. ஆனால் இறந்தவர்கள் 17 பேர், அவர்களில் எட்டுப் பேர் பிள்ளைகள். எல்லோரையும் கொன்றது புகை. தானாக மூடிக்கொள்ள வேண்டிய அந்த வீட்டுக் கதவு மூடவில்லை. புகை படிக்கட்டுக்குள் புகுந்து கட்டடம் முழுக்க ஏறியது. காரணமில்லாமல் அடிக்கடி ஒலித்து வந்ததால், அன்றைக்கு அலாரம் ஒலித்தபோதும் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு கதவும் ஒரு மணியும் சரியாக வேலை செய்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்று பாடசாலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

உயரம் தானே பயம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. துபாய் மரீனாவில் இருக்கும் ‘தோர்ச்’ உலகின் மிக உயரமான குடியிருப்புக் கட்டடங்களில் ஒன்று. 2015 பெப்ரவரியிலும் 2017 ஓகஸ்டிலும் அதன் வெளிச்சுவர் தீப்பிடித்து எரிந்தது. இரண்டு முறையும் ஒருவரும் இறக்கவில்லை, எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். அதே துபாயில் தேறாவின் அல் றாஸ் பகுதியில், 2023 ஏப்ரல் 15, றமழான் மாதத்துப் பகல் வேளையில், ஒரு சிறிய கட்டடத்தின் நாலாம் மாடியில் தீ பிடித்தது. 16 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டவரும் கேரளத்தவரும் அவர்களில் இருந்தார்கள். கட்டடத்தில் பாதுகாப்பு விதிகள் பின்பற்றப்படவில்லை என்று துபாய் சிவில் பாதுகாப்புத் துறை பின்னர் சொன்னது. எத்தனை மாடி என்பதை விட, இறங்கும் வழி திறந்திருக்கிறதா என்பதே கேள்வி.

குவைத்தின் மங்காபில் அந்த வழிதான் அடைபட்டிருந்தது. 2024 ஜூன் 12, விடியற்காலை நாலு மணியளவில், தொழிலாளர் தங்கியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தீ தொடங்கியது. ஏறத்தாழ 200 பேர் அங்கே உறங்கிக்கொண்டிருந்தார்கள். இறந்தவர்கள் ஐம்பது பேரளவில், பெரும்பாலானோர் இந்தியர். அறைகளைப் பிரிக்க வைத்திருந்த தடுப்புகள் எளிதில் பற்றும் பொருளாலானவை. மேலே ஓடியவர்களுக்கு மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது.

கம்பனி கொடுக்கும் அறையில் தங்குகிற நம் வாப்பாமாருக்கும் காக்காமாருக்கும் தெரிவு இல்லை. அவர்களிடம் போய் ‘வேறு இடம் பாருங்கள்’ என்று சொல்வது கொடுமை. அந்தப் பொறுப்பு கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் உரியது. குடும்பத்தோடு வாடகைக்கு எடுப்பவருக்கோ, சிறிதானாலும் தெரிவு உண்டு. பலகையால் மறித்த பாதி வீட்டை இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்தால் மாதம் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்தான். ஊரில் வீட்டு வேலை பாதியில் நிற்கும்போது அந்த மிச்சம் பெரிதாகத் தெரியும். ஆனால் அந்தப் பலகை வெளியேறும் வழியை மறிக்கிறதா, வீட்டுக்காரரின் அனுமதியோடு போட்டதா என்று கேட்க வேண்டும். அனுமதியில்லாத உள்வாடகையில் இருப்பவர் ஒரு முறைப்பாடு செய்யவும் வாய் திறக்க முடியாதவர்.

கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது என்பார்கள். லண்டன் கிறென்பெல் கோபுரத்துக் குடியிருப்பாளர்கள் பல வருடம் கேட்டார்கள், எழுதினார்கள், எச்சரித்தார்கள். காது கொடுக்க ஆளில்லை. 2017 ஜூன் 14இல் நாலாம் மாடி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கிய நெருப்பு, புதிதாக ஒட்டிய வெளிப்பூச்சுத் தகடுகள் வழியே இருபத்திநாலு மாடிக்கும் ஏறியது. இறங்க ஒரேயொரு படிக்கட்டு. உள்ளேயே இருங்கள் என்ற அறிவுரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பிறகே மாற்றப்பட்டது. 72 பேர் மௌத்தானார்கள். அத்தனை மரணமும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று 2024 செப்டெம்பரில் விசாரணைக் குழுவின் தலைவர் சொன்னார். அன்றும் நோன்பு காலம். ஸஹருக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் அயல் வீட்டுக் கதவுகளைத் தட்டி எழுப்பியதை அப்போது பத்திரிகைகள் எழுதின. யாருமே கேட்காவிட்டாலும் அயலவரைத் தெரிந்து வைத்திருப்பது வீண்போகாது. நம் பெண்கள் பலர் அங்கே மாதக்கணக்கில் எதிர்க்கதவுக்காரியின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கிறார்கள். அதுவும் ஓர் ஆபத்துத்தான்.

தீயைவிட நாள்தோறும் பயப்பட வேண்டியது பல்கனி. ஏசியின் வெளிப்பெட்டியோ, பழைய கதிரையோ பல்கனிச் சுவரோரம் கிடந்தால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. தடுப்பில்லாத மேல்தளத்தில் உறங்குபவரைப் பற்றி எச்சரிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. அந்தக் காலத்து மண்வீட்டுக் கூரைக்கே அந்தக் கவனம் வேண்டியிருந்தது. நியூயோர்க்கில் பத்து வயதும் அதற்குக் குறைந்ததுமான பிள்ளை இருக்கும் மாடி வீட்டு ஜன்னல்களுக்குக் கட்டட உரிமையாளர் தடுப்புப் பொருத்திக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வளைகுடாவில் அதைக் கேட்டு வாங்க வேண்டியவள் உம்மா.

இப்போது எல்லாக் கணவரும் வீட்டைப் பார்க்கும்போது வட்ஸ்அப்பில் காட்டுகிறார்கள். வரவேற்பறையையும் குசினியையும் காட்டி முடிந்ததும் கமராவை வெளியே திருப்பச் சொல்லுங்கள். படிக்கட்டு எத்தனை, அதில் யாரும் சைக்கிளும் அட்டைப்பெட்டியும் அடுக்கி வைத்திருக்கிறார்களா, கதவு தானாக மூடுகிறதா, உள்ளிருந்து திறப்பு இல்லாமல் திறக்கலாமா, புகை அலாரம் வேலை செய்கிறதா. ஐந்து நிமிடம் போதும். அலுத்துக்கொள்வார், பரவாயில்லை. துபாயில் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவதோடு, 2022இலிருந்து வீட்டில் கூட இருப்பவர்களின் பெயர்களையும் பதிய வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் பெயரும் பிள்ளைகளின் பெயரும் ஏறிவிட்டதா என்று அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள்.