குனிதலும் இழிதலும்

'ஸ்டூப்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தரும் பொருள்களுள் இரண்டு: முதுகை வளைத்துக் குனிதல், தன் தகுதியினின்று இழிதல். உடலின் செயலையும் பண்பின் வீழ்ச்சியையும் ஒரே சொல்லில் அடக்குவது எனக்கு உடன்பாடன்று. தமிழில் குனிதல் வேறு, பணிதல் வேறு, இழிதல் வேறு.

குனிந்து செய்யும் வயல்வேலையை அமெரிக்கர் 'ஸ்டூப் லேபர்' என்பர். கலிபோர்னியாவில் உழவுத் தொழிலாளர் குட்டைக் காம்புடைய களைக்கொத்தால் நாள் முழுதும் களையெடுத்தனர். முதுகெலும்பு தேய்ந்து பலர் நலம் இழந்தனர். நெடுங்காம்பு அறியாத நாடா அது? நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யவில்லை என்பது மேற்பார்வையாளர் கண்ணுக்கு எளிதில் தெரியவேண்டும். அதற்கும் குட்டைக் காம்பு உதவியது! 1975ஆம் ஆண்டு அக்கருவி அங்குத் தடைசெய்யப்பட்டது. அவ்வயலில் குனிந்தவர் தொழிலாளர், இழிந்தவர் வேறு.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? பாண்டுப் குடியிருப்புகளில் நம் தாய்மார் குட்டைத் துடைப்பத்தால் குனிந்தே பெருக்குகின்றனர். நீண்ட பிடியுள்ள துடைப்பம் கடையில் கிடைக்கிறது. வாங்கித் தருவோர் சிலரே. 'பழகிவிட்டது' என்பர். பழகியது கைக்கா, முதுகுக்கா? மாணவ மாணவியர் இருபாலாரும் ஒரு வாரம் வீட்டைப் பெருக்கிப் பார்க்கட்டும். பின்னர் அச்சொல்லை மொழிபெயர்க்கட்டும்.