தாய் மரம் சாயுமுன்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் ஒரு காலத்தில் வீட்டைச் சுற்றி வளவு இருந்தது. வளவில் மாவோ பலாவோ ஈரப்பலாவோ நின்றது. இன்று அவ்விடங்களில் தொடர்மாடிகள் எழுந்துள்ளன. கொட்டாஞ்சேனையின் நிலையும் வேறன்று. குடியிருக்க இடமின்றித் தவிக்கும் நகரில் மாடி கட்டுவோரை நாம் குறை கூறவில்லை. ஆனால், வாள் வைக்கப்படும் மரம் எவ்வினத்தது, அதன் வழிவந்த கன்று வேறெங்கேனும் உண்டா என்று கேட்பார் ஒருவருமில்லையே! அதுவே எமது கவலை.

மாங்கொட்டையை நட்டால் அதே மாமரம் வந்துவிடும் என எண்ணுவோர் படித்தவரிடையேயும் உளர். பல இனங்களில் அஃது உண்மையன்று. ஒரு கொட்டையில் ஒரே முளை விடும் இனங்களில் அம்முளை மகரந்தக் கலப்பாற் பிறந்தது; தாயின் சுவை அதற்கு வாய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. பல முளை விடும் இனங்களிலேயே தாயை ஒத்த கன்றை எதிர்பார்க்கலாம். ஆகவே நல்ல மரமொன்றை அவ்வண்ணமே பேரப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டுமாயின், அதன் ஒட்டுமுளையை எடுத்து ஒட்டுக்கட்டையிற் பொருத்துவதே நம்பத்தக்க வழி. மரம் விழுந்து கிளை வாடிய பின்னர் எந்த நிபுணர் வந்தும் பயனில்லை.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்திலுள்ள கண்ணபுரம் என்னும் ஊர் மக்கள் இதை நன்குணர்ந்தனர். 2016 அளவில் அங்கே முதுபெரும் நாட்டு மாமரமொன்று வெட்டுண்டது. அதன் கிளைகளைப் பொறுக்கி ஒட்டி வைத்தவர்கள் அத்துடன் நிற்கவில்லை. 'நாட்டுமாஞ்சோட்டில்' என்ற பெயரில் கூடி, வளவு வளவாகச் சென்று, பெயருள்ள மரம், பெயரற்ற மரம் அனைத்தையும் கணக்கெடுத்து, ஒட்டுக்கன்றுகளைப் பரப்பினர். அரசாங்கத்தின் ஆணைக்குக் காத்திராமல் ஊரார் செய்த வேலை அது.

எம்மவரிடம் காக்கத்தக்கது என்ன இருக்கிறது என்று கேட்பின், கறுத்தக்கொழும்பானே போதிய விடை! பெயரிலே கொழும்பைச் சுமந்துகொண்டு யாழ்ப்பாணத்து மண்ணிலே புகழ் பெற்ற கனி அது. வெள்ளைக்கொழும்பானோ கடல் கடந்தும் மதிக்கப்பட்டது. மரத்தைக் குட்டையாக வைத்திருக்கும் ஒட்டுக்கட்டையாக அதனை இந்திய ஆராய்ச்சியாளர் சோதித்தனர். அம்பலவி, செம்பாட்டான், விலாட் என்பன பலரும் அறிந்தவை. இவற்றுக்கப்பால், இன்னார் வீட்டு மரம் என்றே அயலவர் அழைத்த, வேறு பெயரில்லா மரங்கள் எத்தனை! 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தது. ஆண்டுகள் பல கழிந்து திரும்பியோரிற் பலர் வீட்டையும் காணவில்லை, மரத்தையும் காணவில்லை. உறுதியைக் காட்டிக் காணியை மீட்கலாம். அந்த மரத்தை எந்தக் கச்சேரியில் மனுக் கொடுத்து மீட்பது?

கன்னொறுவையில் தாவர மரபணு வள நிலையம் இருக்கிறதே என்பர் சிலர். நன்று. நெல்லையும் பயறையும் உலர்த்திக் குளிரறையில் வைக்கலாம். மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் உலர்ந்தால் உயிர் போம். அவற்றை நிற்கும் மரமாகவே காக்க வேண்டும். அதற்கு நிலம் வேண்டும். அந்நிலம் எமது விவசாயிகளிடம் இருக்கிறது.

ஓரினத்தையே நம்பியிருந்தால் நேரும் கேட்டை வாழைத் தோட்டக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. உலகச் சந்தையை ஆண்ட குறோ மிசேல் வாழை பனாமா வாடல் நோயால் 1960களுக்குள் தன் இடத்தை இழந்தது. அதன் பின் வந்த கவண்டிசை இன்று அதே நோயின் புதிய வடிவம் பற்றியுள்ளது. கதலியும் இதரையும் மொந்தனும் கப்பலும் ஒருங்கே வளரும் தோட்டம் அவ்வளவு எளிதில் ஒரே நோய்க்கு இரையாகாது.

இதிலே ஆபத்தும் உண்டு. நோயுற்ற தேசி மரத்தின் அரும்பை ஒட்டினால் நோயையும் சேர்த்தே பரப்புவோம். பிற நாட்டிலிருந்து பெட்டிக்குள் மறைத்துக் கிளை கொண்டுவருவது 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானது, மண்ணுக்கும் கேடு. உள்ளூரில் இருப்பதைப் பகிர்ந்தாலே போதும்.

கொழும்பில் வாழும் வைத்தியர், பொறியியலாளர், வழக்கறிஞர், கணக்காளரிடம் நாம் கேட்பது பெரிதன்று. வளவை விற்குமுன், மாடிக்கு அத்திவாரம் வெட்டுமுன், பத்து நாள் தவணை தாருங்கள். பென்சிற் பருமனுள்ள முற்றிய நுனிக்கிளைகளில் காம்பை விட்டு இலையை மட்டும் நறுக்குங்கள். பத்து நாளில் அரும்பு திரளும். பின்னர் வெட்டி ஈரச்சாக்கிற் சுற்றி வாழைத்தடலுள் வைத்தால் சில நாள் உயிருடன் இருக்கும். 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் சென்ற யாழ்தேவியில் அதை அனுப்ப ஒரு பகற்பொழுது போதும். அங்கே ஒட்டுக்கட்டையுடன் காத்திருக்க வேண்டியவர் எமது விவசாயி. மாறாக, அவர் தோட்டத்து மரத்தின் ஒட்டுக்கன்று இங்கே எஞ்சிய வளவுக்கு வரட்டும்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஏதேனுமொரு கோயில் மண்டபத்தை அல்லது பாடசாலையை ஒரு ஞாயிறு முற்பகலுக்குக் கேட்டுப் பெறுவது கடினமன்று. வருவோர் கிளையுடன் ஒரு சீட்டும் கட்டி வரட்டும்: மரம் நின்ற ஊர், வீட்டார் வழங்கிய பெயர், காய்க்கும் மாதம், பழத்தின் குணம். சீட்டில்லாத கிளையை எவரும் ஏற்க வேண்டாம்.