'ஃபீஸ் இல்லை'தான்... ஆனால், பணம் எந்த மாதம் வேண்டும்? வெளிநாட்டு செமஸ்டருக்கு ஒரு குடும்பக் கணக்கு!

இரண்டாம் ஆண்டு முடிகிற நேரத்தில் டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த அறிவிப்பு வரும். 'ஜெர்மனியில் ஒரு செமஸ்டர். எக்ஸ்சேஞ்ச் திட்டம். டியூஷன் ஃபீஸ் கிடையாது.' அன்று இரவே வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். "ஃபீஸ் இல்லைன்னா போயிட்டு வாயேன்" என்பார் அப்பா. "அவ்வளவு தூரம் தனியாவா?" என்பார் அம்மா. விண்ணப்பம் போகும், செலக்‌ஷனும் ஆகும். அதற்கப்புறம்தான், 'விசாவுக்கு முன்னால் கிட்டத்தட்ட ஆறு லட்ச ரூபாயை ஒரே நேரத்தில் காட்ட வேண்டும்' என்பது தெரியவரும். கிடைத்த இடத்தைக் கைவிடுவது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான்.

இந்தச் செலவை எப்படியும் தாங்க முடியாத குடும்பங்கள் உண்டு. ஆனால், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் தாங்கிவிடக்கூடிய, அந்த ஒரு மாதத்தில் மட்டும் கையில் பணம் இல்லாத குடும்பங்களும் உண்டு. இந்த வார அலசல் அவர்களுக்காக. 'மொத்தம் எவ்வளவு?' என்ற கேள்வியோடு, 'எந்த மாதம் எவ்வளவு?' என்பதையும் விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுவிட்டால், பாதி வழி கடந்த மாதிரி.

எது இலவசம்?

'செமஸ்டர் அப்ராட்' என்று பொதுவாகச் சொன்னாலும், உள்ளே மூன்று வகை இருக்கிறது.

முதலாவது, எக்ஸ்சேஞ்ச். நம் கல்லூரிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்கும். நீங்கள் வழக்கமான ஃபீஸை நம் கல்லூரியிலேயே கட்டுவீர்கள். அங்கே டியூஷன் ஃபீஸ் கேட்க மாட்டார்கள். அதாவது, இங்கே கட்டும் ஃபீஸ் நிற்காது.

இரண்டாவது, ஃபீஸ் கட்டிப் போவது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தை நீங்களே கட்ட வேண்டும். சில கல்லூரிகளில் இங்கேயும் ஒரு பகுதி ஃபீஸ் தொடரும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் இல்லை என்பது உண்மை. ஆனால், பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. ஒப்பந்தத்தின் கீழ் எக்ஸ்சேஞ்சில் போகிறவர்களுக்கு அது கிடையாது. ஒரே வகுப்பறை, ஒரே பாடம். எந்த வழியில் போனீர்கள் என்பதுதான் ஒன்றரை லட்ச ரூபாயைத் தீர்மானிக்கிறது.

மூன்றாவது, எராஸ்மஸ் ப்ளஸ் மாதிரியான உதவித்தொகையோடு போவது. இதில் அங்கே டியூஷன் ஃபீஸ், பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது. அதோடு, ஐரோப்பிய நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை உதவித்தொகையும் உண்டு. நம் கல்லூரிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் இதற்கென்று ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே விண்ணப்பிக்க முடியும்.

உங்களுக்கு வந்த அறிவிப்பு இதில் எந்த வகை? இதுதான் கல்லூரியின் வெளிநாட்டு உறவுகள் அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மாதவாரிக் கணக்கு

ஜெர்மனிக்கு ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு சுலபமாக இருக்க, ஒரு யூரோ 100 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் விண்ணப்பிக்கும் நாளின் மதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு ஒன்பது, பத்து மாதம் முன்பு செலவு சிறியது. பாஸ்போர்ட் இல்லையென்றால் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். இங்கே நம் ஊர் சிக்கல் ஒன்று இருக்கிறது. மார்க்‌ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் வேறு மாதிரி என்று பெயர் மூன்று விதமாக இருந்தால் இப்போதே சரிசெய்ய ஆரம்பியுங்கள். ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன், 'பயிற்று மொழி ஆங்கிலம்' என்ற நம் கல்லூரிக் கடிதமே போதுமா என்று கேளுங்கள். பல பார்ட்னர் பல்கலைக்கழகங்கள் அதை ஏற்றுக்கொள்கின்றன.

மூன்று, நான்கு மாதம் முன்புதான் பெரிய தொகை. ஜெர்மனி விசாவுக்கு, அங்கே தங்கும் காலத்துக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்குப் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது 'பிளாக்டு அக்கவுன்ட்'. 2024 செப்டம்பரிலிருந்து இதற்கான அளவு மாதம் 992 யூரோ, வருடத்துக்கு 11,904 யூரோ. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. நம் கணக்கில் 5,95,200 ரூபாய்.

இது கட்டணம் அல்ல, உங்கள் பணம்தான். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக உங்களுக்கே வரும். வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் அதிலிருந்துதான். விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும். அதற்குக் கொஞ்ச நாள் ஆகும். ஆனால், மொத்தத் தொகையும் விசாவுக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். நகைக்கடன் வாங்கிப் போட்டால், ஆறாவது மாதம் கைக்கு வரப்போகிற பணத்துக்கும் முதல் நாளிலிருந்தே இங்கே வட்டி ஓடும். சீட்டுப் பணம் எந்த மாதம் வரும், டெபாசிட் எப்போது முதிர்கிறது என்று பார்க்க வேண்டியது இந்த இடத்துக்காகத்தான்.

விசா கட்டணம் 75 யூரோ. அதோடு விமான டிக்கெட், குளிருக்கான உடை.

அங்கே இறங்கிய முதல் மாதம் இரண்டாவது பாரம். எக்ஸ்சேஞ்சில் போனாலும் பல்கலைக்கழகத்துக்கு 'செமஸ்டர் பங்களிப்பு' என்று ஒரு தொகை கட்ட வேண்டும். இடத்துக்கு இடம் மாறும். பொதுவாக 100 முதல் 400 யூரோவுக்குள். சில இடங்களில் பஸ், ரயில் பாஸும் இதிலேயே அடங்கும். அறைக்கு வாடகையோடு அட்வான்ஸும் உண்டு. அதுவரை பிளாக்டு அக்கவுன்ட்டிலிருந்து பணம் வர ஆரம்பிக்காமல்கூட இருக்கலாம். அங்கே வங்கிக் கணக்கு திறந்து, முகவரியைப் பதிவு செய்த பிறகுதான் அது நகரும். எனவே, முதல் மாதத்துக்கென்று தனியாக 1,000 யூரோ அளவுக்காவது கையில் இருப்பது நல்லது. மாணவர் விடுதிக்குச் செலக்‌ஷன் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். மியூனிக் வாடகைக்கும் டிரெஸ்டன் வாடகைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இரண்டு ஊர்களுக்கு நடுவில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், ரேங்கிங்கோடு வாடகையையும் பாருங்கள்.

அரியரோடு திரும்பாமல் இருக்க...

பணத்துக்கு அடுத்த ஆபத்து கிரெடிட். அங்கே படித்த பாடத்தை நம் கல்லூரி ஏற்கவில்லை என்றால், திரும்பி வந்து அதே செமஸ்டரை மறுபடி எழுத வேண்டும். அதுவும் செலவுதான்.

ஐரோப்பாவில் ஒரு செமஸ்டரின் முழுச் சுமை 30 ஈ.சி.டி.எஸ். கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் பி.இ., பி.டெக். படிப்பு ஏ.ஐ.சி.டி.இ. மாதிரிப் பாடத்திட்டப்படி எட்டு செமஸ்டருக்கும் சேர்த்து 160 கிரெடிட் அளவில் இருக்கும். செமஸ்டருக்குச் சராசரியாக 20. எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதைப் புறப்படுவதற்கு முன்பே 'லேர்னிங் அக்ரிமென்ட்' என்ற தாளில் எழுதி, நீங்கள், நம் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். 'வந்ததும் பார்த்துக்கலாம்' என்று ஹெச்.ஓ.டி. வாய் வார்த்தையாகச் சொன்னால், பணிவாக மெயிலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் திரும்பும்போது அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கலாம்.

காலண்டரையும் பாருங்கள். ஜெர்மனியில் குளிர்கால வகுப்புகள் அக்டோபர் மத்தியில் தொடங்கிப் பிப்ரவரி மத்தி வரை போகும். தேர்வுகள் அதற்கும் பின்னால் வரலாம். இங்கேயோ அடுத்த செமஸ்டர் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். அந்த இடைவெளிக்கு அட்டெண்டன்ஸ் தருவார்களா? கோடைகால வகுப்புகள் ஏப்ரல் மத்தியில் தொடங்கி ஜூலையில் முடியும். அது இங்கே ஒரு செமஸ்டரின் முடிவையும் அடுத்ததின் தொடக்கத்தையும் தொடும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் முதல் டிசம்பர் தொடக்கம் வரை ஒரு செமஸ்டர் என்பதால் நம் காலண்டரோடு ஓரளவு ஒத்துப்போகும்.

ஏழாவது செமஸ்டரில் போக நினைப்பவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். பல கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூ சூடுபிடிப்பது அப்போதுதான். ஆன்லைனில் கலந்துகொள்ள அனுமதி உண்டா?

யார் உதவுவார்கள்?

உதவித்தொகை கிடைத்தால், 'எவ்வளவு?' என்பதோடு 'எப்போது?' என்றும் கேளுங்கள். ஒரு பகுதியை முன்னதாகவும் மீதியைத் திரும்பி வந்து அறிக்கை கொடுத்த பிறகும் தருவது உண்டு. பின்னால் வரும் பணத்துக்கு முன்னால் நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும். ஆனால், இன்னொரு நன்மை இருக்கிறது. உதவித்தொகைக் கடிதமே விசாவுக்கு நிதிச் சான்றாகும். மாதம் 850 யூரோ கிடைக்கிறது என்றால், 992-க்குக் குறைகிற 142 யூரோவுக்கு மட்டும் வழி காட்டினால் போதும் என்ற நிலை வரலாம். ஆறு லட்சம் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு லட்சத்துக்கும் குறைவு! கடிதத்தில் தொகையும் மாதங்களும் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, தூதரகத்தின் தற்போதைய குறிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் முதுநிலை, பி.ஹெச்டி. படிப்புகளுக்கானது. இளநிலையில் ஒரு செமஸ்டர் போக அதை நம்பி இருக்க வேண்டாம்.

கல்விக் கடன்? சொத்து அடமானம் இல்லாமல் 7.5 லட்சம் வரை தரும் திட்டம் வங்கிகளில் உண்டு. 4 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுப் படிப்பு என்றால் 15 சதவிகிதத்தை நாம் போட வேண்டும் என்பது பொதுவான விதி. எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர் என்றால் கிளை மேலாளருக்கே குழப்பம் வரலாம். அந்தப் பல்கலைக்கழகத்தின் அழைப்புக் கடிதத்தோடு, 'இது எங்கள் பட்டப்படிப்பின் ஒரு பகுதி' என்ற நம் கல்லூரிக் கடிதத்தையும் செலவுப் பட்டியலையும் கொண்டுபோங்கள். ஏற்கெனவே படிப்புக்குக் கடன் வாங்கியிருந்தால் முதலில் அதே கிளையில் கேளுங்கள். பழைய வருமான வரி முறையில் இருக்கும் பெற்றோருக்குக் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு. நகைக்கடனுக்கு அது கிடையாது.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால் டி.சி.எஸ். பிடிப்பார்களே என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பினால் டி.சி.எஸ். இல்லை. ஒரு செமஸ்டர் கணக்கு பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

விண்ணப்பத்துக்கு முன் ஏழு கேள்விகள்

இந்தக் கேள்விகளை மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலில் வாங்குங்கள்.

1. இது எக்ஸ்சேஞ்சா, ஃபீஸ் கட்டும் திட்டமா?
2. அந்த செமஸ்டருக்கு இங்கே ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், பஸ் கட்டணத்தில் எது நிற்கும், எது தொடரும்?
3. முதல் பட்டதாரிச் சலுகையோ, வேறு அரசு உதவித்தொகையோ வாங்கும் மாணவருக்கு அந்த செமஸ்டரிலும் அது தொடருமா?
4. கிரெடிட் ஏற்பு, அட்டெண்டன்ஸ் இரண்டுக்கும் எழுத்தில் உத்தரவாதம் உண்டா?
5. கிரெடிட் குறைந்தால் ஸ்வயம் ஆன்லைன் பாடத்தால் ஈடுகட்டலாமா?
6. விசா கிடைக்காமல் போனால் இங்கேயே அந்த செமஸ்டரைத் தொடர எந்தத் தேதி வரை அனுமதி?
7. போய் வந்த சீனியர் ஒருவரிடம் பேச முடியுமா?

ஏழாவதை விட்டுவிடாதீர்கள். முதல் மாதம் எவ்வளவு செலவானது, எது தேவைப்படவில்லை என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்காது; சீனியருக்குத் தெரியும்.

வீட்டில் எப்போது பேசுவது?

செலக்‌ஷன் வந்த பிறகு 'சர்ப்ரைஸ்' கொடுக்கலாம் என்று நினைக்கும் மாணவர்களுக்கு: வேண்டாம். ஒரு தாளில் மாதங்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் தொகையை எழுதி, விண்ணப்பத்துக்கு முன்பே அப்பா, அம்மா முன்னால் வையுங்கள். பெரிய எண்ணைப் பார்த்து முதலில் பதறுவார்கள். எந்தப் பணம் செலவு, எந்தப் பணம் திரும்ப வருவது என்று பிரித்துக் காட்டினால் பேச்சு தொடரும்.

பெற்றோருக்கு: முடியாது என்றால், இப்போதே சொல்லிவிடுங்கள். 'முதல்ல செலக்ட் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டு, கிடைத்த பிறகு மறுப்பது பிள்ளைக்கும் வலி. அடுத்த ரேங்கில் காத்திருந்த மாணவருக்கும் இழப்பு. முன்கூட்டியே தெரிந்தால், உதவித்தொகை உள்ள திட்டத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். ஒரு செமஸ்டருக்குப் பதில் நான்கு வாரக் கோடை வகுப்பை யோசிக்கலாம். பட்டம் முடித்து, உதவித்தொகை அதிகம் உள்ள முதுநிலைக்குத் தயாராகலாம்.

அறிவிப்பு வந்துவிட்டதென்றால், இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். கடைசித் தேதியைப் பாருங்கள், அதிலிருந்து விசா வரை மாதங்களை எண்ணுங்கள், பிளாக்டு அக்கவுன்ட் எந்த மாதத்தில் விழுகிறது என்று காலண்டரில் வட்டமிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் காலண்டரை எடுத்து நடுவில் வையுங்கள்.