வீட்டின் முகப்பு யாருக்குச் சொந்தம்?

சென்ற வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்பில் பிரஜைகளின் உரிமைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்றான். "ஸார், எங்கள் வீட்டுத் திண்ணையை இடித்துவிட்டுக் கடை கட்டப் போகிறோம். தேக்குத் தூண்களைப் பழைய சாமான் வியாபாரி வாங்கிக்கொண்டு போய்விட்டார். தெருவில் எல்லோரும், 'ஐயோ, இடிக்கிறீர்களே!' என்கிறார்கள். எங்கள் வீட்டை நாங்கள் இடிப்பதற்கு ஊராரைக் கேட்க வேண்டுமா?" என்றான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி நியாயமான கேள்வி. "திங்கட்கிழமை சொல்கிறேன், உட்கார்" என்று அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது, இந்த வழக்கு ஏற்கெனவே வேறோர் இடத்தில் விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் ஆகியிருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. அந்த இடம் அமெரிக்கா. தனிமனிதனுடைய சொத்துரிமையைக் குலதெய்வம்போல் போற்றும் தேசம் அது. அங்கேதான் 1931-ம் வருஷத்தில் சார்ல்ஸ்டன் என்னும் பழைய துறைமுகப்பட்டணத்தின் நகரசபை ஒரு விதி செய்தது. நகரத்தின் பழைய பகுதியில் உள்ள எந்தக் கட்டடத்தின் வெளிப்புறத்தை மாற்றுவதானாலும், அதற்கென ஏற்பட்ட ஒரு சபையின் முன் படத்தை வைத்துச் சம்மதம் பெற வேண்டும் என்பதே அது. வீட்டுக்குள்ளே சுவரை இடிக்கலாம்; சமையலறையை மாற்றலாம்; அதைப்பற்றிக் கேள்வி இல்லை. தெருவிலிருந்து கண்ணுக்குப் படுவதை மாத்திரம் தன்னிஷ்டப்படி சிதைக்கலாகாது. அமெரிக்க ஊர்களுள் இப்படி ஒரு விதி செய்ததில் சார்ல்ஸ்டனே முதலாவது.

நியூயார்க் நகரத்துக்கு அந்தப் புத்தி அடிபட்ட பிறகுதான் வந்தது. 1910-ல் திறக்கப்பட்ட பென்ஸில்வேனியா ரயில்வே ஸ்டேஷன், பெரிய கல்தூண்களுடன் ரோமாபுரி மண்டபம்போல் நின்ற கட்டடம். நிலத்தின் விலை ஏறிவிட்டது. ரயில்வே கம்பெனிக்குப் பணமுடை. 1963-ல் இடிக்கத் தொடங்கினார்கள். சிற்பிகள் சிலர் தெருவில் நின்று ஆட்சேபித்துப் பார்த்தார்கள். தடுப்பதற்குச் சட்டம் இல்லை. இடித்து முடிவதற்குள்ளாகவே, 1965-ல் நகரம் சட்டம் செய்தது. இழந்த பிறகு வந்த ஞானம்தான், ஆனாலும் ஞானம்!

அந்தச் சட்டப்படி அமைந்த கமிஷனில் அங்கத்தினர்கள் பதினொருவர். சிற்பிகள் மூவராவது இருக்க வேண்டும். சரித்திரம் கற்றவர் ஒருவர், நிலம் வாங்கி விற்கும் தொழிலை அறிந்தவர் ஒருவர், நகரத்தின் ஐந்து பகுதிகளிலும் வசிப்பவர்கள் என்று சேர்த்திருக்கிறார்கள். குறைந்தது முப்பது வயதாவது ஆன கட்டடங்களைத்தான் அவர்கள் ஜாபிதாவில் சேர்க்கலாம். சேர்த்துவிட்டால், சொந்தக்காரர் ஜன்னலை மாற்றவும் அனுமதி கேட்க வேண்டும். ஜாபிதாவில் ஏறிய கட்டடத்தைச் செம்மையாக வைத்துக்கொள்ளும் கடமையும் அவருடையதே.

சொத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்நகரத்தின் மற்றொரு பெரிய ரயில்வே ஸ்டேஷனாகிய கிராண்ட் சென்ட்ரல் 1967-ல் ஜாபிதாவில் ஏறியது. மறு வருஷமே அதன் தலைமேல் ஐம்பத்தைந்து மாடி எழுப்பத் திட்டம் வந்தது. கமிஷன் மறுத்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. கீழ்க்கோர்ட்டில் கம்பெனிக்கு ஜயம். கடைசியில் 1978-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஆறு நீதிபதிகள் நகரத்தின் பக்கமும் மூவர் கம்பெனியின் பக்கமும் நின்றார்கள். ஸ்டேஷன் ஸ்டேஷனாகவே நடந்து வருகிறது, அதில் வருமானமும் உண்டு, மேலே கட்டும் உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆகவே சொத்தைப் பறித்ததாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்த ஏற்பாட்டில் குறையே இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். பணக்காரக் கம்பெனிக்கு வக்கீல் உண்டு. உளுத்துப்போன மர ஜன்னலுக்குப் பதிலாக மலிவான ஜன்னல் வைக்க நினைக்கும் எளிய குடும்பத்துக்கு என்ன உண்டு? அழகை ஊரார் அனுபவிக்கிறார்கள். தச்சன் கூலியை வீட்டுக்காரர் கொடுக்கிறார். நியூயார்க் சட்டமும் இதை உணராமல் இல்லை. கட்டடத்திலிருந்து நியாயமான வருமானம் வரவில்லையென்று ரூபிக்கும் சொந்தக்காரருக்கு நிவாரணம் அளிக்க அதில் இடம் இருக்கிறது. 'இடிக்காதே' என்று சொல்லும் ஊர், 'இந்தா, செலவில் என் பங்கு' என்று சொல்லவும் கற்க வேண்டும். இல்லாவிட்டால் அது ரஸிகத்தன்மை ஆகாது. பிறர் பணத்தில் தர்மம் செய்வதாகும்.

நம் தேசத்தில் மும்பைக்கு 1995-லேயே இத்தகைய விதிகள் வந்துவிட்டன. சென்னைக்கு 2010-ல் ஹைகோர்ட்டு வழி காட்டியது. எங்கள் தெருவோ எந்த ஜாபிதாவிலும் இல்லை. எங்கள் திண்ணைகளைக் காக்க எந்தக் கமிஷனும் வரப்போவதில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் இவ்வளவையும் சொன்னேன். பிறகு அந்தப் பையனைக் கேட்டேன்: "உன் கொள்ளுத்தாத்தா திண்ணையை யாருக்காகக் கட்டினார்? வீட்டார் உட்கார உள்ளே கூடம் இருக்கிறதே!"

"வழிப்போக்கர்களுக்காக, ஸார்" என்றான்.

"அப்படியானால் அவர் தம் சொந்த மனையில், சொந்தப் பணத்தில், ஊருக்கென்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார். சட்டப்படி நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் தெருவில் 'ஐயோ' என்றவர்கள் அயலார் அல்ல, அந்தப் பங்குக்கு உரியவர்கள்" என்றேன்.

அவன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். "தூண்கள் போய்விட்டனவே, ஸார். இன்னும் ஒரு பக்கத்துத் திண்ணைதான் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லிப் பார்க்கிறேன். கடைக்கு முன்னால் அதை மட்டும் விட்டுவைக்கலாம். வாங்க வருகிறவர்களும் உட்காரலாமே!" என்றான்.

ஒரு பக்கத்துத் திண்ணை. அதுவும் தூண் இல்லாதது. ஆனாலும் நான் மகிழ்ச்சியுடன்தான் வீடு திரும்பினேன். அவன் தகப்பனார் என்ன சொல்லுகிறார் என்று பார்க்க வேண்டும்.