தகவலுக்காகவா, நடவடிக்கைக்காகவா?

அரசு அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் மேல் 'தகவலுக்காக' என்று இருக்கும். மற்றதன் மேல் 'நடவடிக்கைக்காக' என்று இருக்கும். முதல் வகையைப் பிரிவு எழுத்தர் படித்து, சுருக்கெழுத்தில் ஒரு கையெழுத்துப் போட்டு, கோப்பில் வைத்துக் கட்டிவிடுவார். இரண்டாவது வகைக்கு ஒரு எண் உண்டு, ஒரு தேதி உண்டு, பதில் போகாவிட்டால் நினைவூட்டல் வரும். புதுச்சேரி வருவாய்த்துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் காகிதங்களோடுதான் என் வாழ்க்கை ஓடியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் பிறக்கும் நேரத்தில் வானிலை ஆய்வு மையம் ஒரு காகிதம் வெளியிடுகிறது. வடகிழக்குப் பருவமழை இந்த ஆண்டு எப்படி இருக்கும் என்ற முன்னறிவிப்பு. அதை நாம் எல்லோரும், அரசாங்கமும் சேர்த்துத்தான், 'தகவலுக்காக' வகையில் போட்டுக் கட்டிவிடுகிறோம் என்பது என் குறை. அது 'நடவடிக்கைக்காக' வகையில் சேர வேண்டிய காகிதம்.

முதலில் அந்தக் காகிதம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் ஒரு பகுதி. கடலோர ஆந்திரம், ராயலசீமா, கேரளம், தென் உள் கர்நாடகம் மற்ற நான்கு. இந்த ஐந்தையும் சேர்த்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மொத்த மழையைக் கணக்கிடுகிறார்கள். நீண்டகால சராசரியில் 88 முதல் 112 சதவீதத்துக்குள் வந்தால் 'இயல்பு'. அதற்கு மேல் போனால் 'இயல்பைவிட அதிகம்'. கீழே போனால் 'குறைவு'. 2024ஆம் ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் அவர்கள் சொன்னது 'இயல்பைவிட அதிகம்'. சொன்னது பலித்தது. தமிழ்நாட்டுக்கு இயல்பாக 44 செ.மீ. கிடைக்க வேண்டிய இடத்தில் அந்தப் பருவத்தில் 59 செ.மீ. அளவுக்குக் கிடைத்தது.

ஆனால் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை போட்டவருக்கு இந்த எண்ணால் என்ன தெரியும்? நெல்லூருக்கும் கோட்டயத்துக்கும் நமக்கும் சேர்த்துச் சொன்ன சராசரி அது. அந்த மழை தொண்ணூறு நாளில் பரவலாகப் பெய்யுமா, மூன்றே நாளில் கொட்டுமா என்று அதில் இல்லை. இருக்கவும் முடியாது. அதற்கு வானிலைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. காற்றின் இயல்பு அப்படி.

இந்த இடத்தில் கொஞ்சம் தூரம் போய்வர வேண்டும். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் பாடப்புத்தகத்தில் 'இவேர்' என்றால் குளிர்காலம், அதற்குப் பக்கத்தில் 'நெஜ்' என்றால் பனி, கூடவே ஒரு பனிமனிதன் படம். வெளியே ஐப்பசி அடைமழையில் வகுப்பறைத் தாழ்வாரம் ஒழுகிக்கொண்டிருக்கும். பனிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த வயதில் சிரித்திருக்கிறோம். சம்பந்தம் இருக்கிறது என்பது என் அண்ணன் மகள் அமெரிக்காவில் பஃபலோ நகரத்துக்குக் குடிபோன பிறகுதான் தெரிந்தது.

பஃபலோ, ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது. ஏரி என்றால் நம் ஊர் ஏரி இல்லை, கிட்டத்தட்ட 390 கிலோமீட்டர் நீளம். கோடையில் சூடான அந்த நீர் நவம்பரிலும் முழுதாக ஆறியிருக்காது. அப்போது வடக்கே கனடாவிலிருந்து கடுங்குளிர்க் காற்று, ஈரமே இல்லாத காற்று, அந்த ஏரியின் மேல் நீளவாக்கில் வரும். வரும் வழியில் நீராவியைக் குடித்துக் குடித்துக் கனத்துப்போகும். கரை ஏறியதும் பனியாகக் கொட்டிவிடும். இதற்கு அங்கே 'ஏரி விளைவுப் பனி' என்று பெயர்.

நம் வடகிழக்குப் பருவமழையும் கொஞ்சம் இதே குடும்பம்தான். ஆசியக் கண்டத்தின் நிலப்பரப்பிலிருந்து குளிர்ந்த, வறண்ட காற்று கிளம்புகிறது. வங்காள விரிகுடாவின் சூடான நீர்மேல் வரும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது. நம் கரையில் மழையாக இறக்கிவிடுகிறது. நமக்குக் கடல், அவர்களுக்கு ஏரி. நமக்குக் காற்றழுத்தத் தாழ்வும் புயலும் கூடச் சேர்ந்துகொள்ளும். அங்கே பனி, இங்கே மழை.

ஏரி விளைவுப் பனியின் முக்கியமான குணம், அது ஒடுக்கமான பட்டையாக விழும். 2014 நவம்பரில் பஃபலோவின் தெற்குப் புறநகர்களில் ஐந்தடிக்கு மேல் பனி குவிந்தது. கதவைத் திறந்தால் வெள்ளைச் சுவர். அதே நகரத்தின் வடக்குப் பக்கத்தில் சில அங்குலம்தான். அதனால் அமெரிக்க வானிலைத் துறை ஒவ்வொரு அக்டோபரிலும் வெளியிடும் குளிர்காலக் கண்ணோட்டத்தில், எத்தனை அங்குலம் பனி விழும் என்று சொல்வதே இல்லை. வெப்பம் கூடுமா குறையுமா, ஈரம் கூடுமா குறையுமா என்ற வாய்ப்பு மட்டும் சொல்வார்கள். பனியின் அளவு சில நாட்களுக்கு முன்னால்தான் தெரியும் என்று வெளிப்படையாகவே ஒத்துக்கொள்வார்கள்.

நம் மழையும் அப்படித்தான் நடந்துகொண்டது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்ததும் போயிருக்க வேண்டியது, அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல். விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் அரை மீட்டர். பிறகு அது வலுவிழந்து மேற்கே நகர்ந்தது, மறுநாள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் இன்னொரு அரை மீட்டர். கடலுக்கும் ஊத்தங்கரைக்கும் நடுவே, புயலின் வழியில் இருந்தது நம் திருவண்ணாமலை மாவட்டம்.

டிசம்பர் 1 மாலை அண்ணாமலையார் மலைச்சரிவில் மண் சரிந்தது. அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் பாறையும் சேறும் விழுந்து, உள்ளே இருந்த ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அதே இரவில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் மூழ்கின. பன்னிரண்டு நாள் கழித்து மகாதீபம் வழக்கம்போல் ஏற்றினார்கள். ஆனால் அந்த வருடம் பக்தர்களை மலை ஏற விடவில்லை. எங்கள் வீட்டு மாடியிலிருந்து தீபம் தெரியும். அன்று அதைப் பார்த்தபோது, மலையடிவாரத்தில் இருந்த அந்த ஒரு வீட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். மண் சரியும் நாளையும் இடத்தையும் அக்டோபரில் யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் இந்தப் பருவத்தில் மழை கூடும் என்று அக்டோபர் தொடக்கத்திலேயே சொல்லியாகிவிட்டது. கையில் இரண்டு மாதம் இருந்தது. மலைச்சரிவில் எந்தெந்த வீடுகள் இருக்கின்றன, நீர் இறங்கும் ஓடை எது, அதை அடைத்துக் கட்டியிருப்பது எங்கே என்பதெல்லாம் வானிலை விஞ்ஞானம் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் ஒரு நாள் நடந்தால் எழுதிவிடக்கூடிய பட்டியல். அந்தப் பட்டியல் கையில் இருந்தால், மழை வலுக்கும் நாளில் தண்டோரா போட்டுப் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ அத்தனை பேரையும் தங்க வைக்கலாம். பருவ முன்னறிவிப்பு செய்யச் சொல்வது இந்த வேலையைத்தான். குடை எடுத்துப் போக வேண்டுமா என்பதற்குப் பருவ முன்னறிவிப்பு தேவையில்லை.

நான் படித்த மொழிக்காரர்கள் இதை ஒரு பெரிய அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள். 1999 டிசம்பர் கடைசி வாரத்தில் இரண்டு சூறாவளிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரான்ஸைத் தாக்கின. சுமார் 90 பேர் இறந்தார்கள். அதுவரை வானிலை எச்சரிக்கை பெரும்பாலும் அதிகாரிகளின் மேசைக்குப் போகும் காகிதம். 2001 அக்டோபரிலிருந்து 'விஜிலான்ஸ்' என்ற வரைபடத்தைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஒரு நிறம். அதைப் பொதுமக்களும் அதிகாரிகளும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். நிறத்தோடு என்ன பாதிப்பு வரலாம், என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டு குறிப்புகளும் இருக்கும்.

நம்மிடமும் அதே நான்கு நிறங்கள் வந்துவிட்டன. ஆனால் நம் ஊரில் சிவப்பு எச்சரிக்கை என்றதும் முதலில் எழும் கேள்வி, "நாளைக்கு ஸ்கூல் லீவா?" என்பதுதான். பிள்ளைகள் கேட்பதில் தப்பில்லை. பெரியவர்களுக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் கவலை. 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று வானொலியில் சொல்கிறார்களே, அந்த 'ஓரிரு' என்பதற்கு, ஒரு பகுதியில் உள்ள மழைமானிகளில் கால்பங்கு வரைக்கும் என்று அர்த்தம். நூறு இடம் இருந்தால் இருபத்தைந்து வரை. 'ஓரிரு' என்று கேட்டதும் நம்முடைய ஊர் அதில் இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறோம். அதுபோல 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி என்றால், ஆற்றங்கரையில் இருப்பவருக்கு என்ன புரியும்? "மாரியம்மன் கோயில் படிக்கட்டு வரை தண்ணீர் வரும், விடிவதற்குள் கிளம்புங்கள்" என்றால் புரியும்.

எச்சரிக்கை சரியாக இருந்தாலே போதும் என்று நினைப்பவர்களுக்கு மறுபடி பஃபலோவைத்தான் காட்ட வேண்டும். 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே வந்த பனிப்புயலைப் பல நாட்களுக்கு முன்பே கணித்துச் சொல்லிவிட்டார்கள். அப்படியும் அந்த வட்டாரத்தில் நாற்பதுக்கு மேல் இறந்தார்கள். வண்டி ஓட்டத் தடை உத்தரவு காலையில் ஜனங்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு வந்தது என்பது பின்னால் பெரிய குற்றச்சாட்டாக எழுந்தது. பணக்கார நாடு, நல்ல கருவிகள், சரியான கணிப்பு. கையெழுத்து மட்டும் தாமதம்.

"கணிப்பு பொய்த்துப்போனால் செலவு வீண்தானே?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அவரும் ஓய்வு பெற்றவர்தான், கணக்குத்துறை. நியாயமான கேள்வி. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. அந்த வருடம் ஏரியின் வரத்துக்கால்வாயைத் தூர்வாரியிருந்தால் பணம் வீணா? இல்லை. பெய்த கொஞ்ச மழையாவது வழியில் நிற்காமல் ஏரிக்குப் போயிருக்கும். இன்னொன்று, அவ்வளவு வறண்ட பருவத்திலும் டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மொத்தக் கணக்கில் குறைவு என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. மலையடிவார வீட்டுப் பட்டியல் எந்த வருடமும் வீணாகாது.

பழமொழியை நம்பி இருக்கலாம் என்றாலும் காலம் மாறிவிட்டது. 'கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை' என்பார்கள். 2023இல் மார்கழி முதல் தேதி காலையில் தென்மாவட்டங்களில் தொடங்கிய மழை, மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. ஆகியிருந்தது.

ஆகவே ஒரு எழுத்தனாக என் யோசனை இதுதான். பருவ முன்னறிவிப்பு வந்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு தாலுகாவுக்கும் எண் போட்டு ஒரு கடிதம் போகட்டும், 'நடவடிக்கைக்காக' என்ற தலைப்போடு. சரிவிலும் கரையிலும் உள்ள வீடுகளின் பட்டியல், ஏரிகளின் மதகு, கலங்கல், கால்வாய் நிலவரம், தங்க வைக்கும் இடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்ற விவரம், இந்த மூன்றும் ஐப்பசி பிறப்பதற்குள் பதிலாக வரட்டும். அந்தப் பதிலின் நகல் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்படட்டும். தினமும் காலை எட்டரைக்கு எடுக்கும் மழை அளவையும் அதன் பக்கத்திலேயே எழுதட்டும். சாக்பீஸ் போதும்.

ஊர்க்காரர்கள் நாமும் சும்மா இருக்க வேண்டாம். அடுத்த கிராமசபையில் யாராவது ஒருவர் எழுந்து, "நம்ம ஊர்ப் பட்டியல் எங்கே ஐயா?" என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், எப்போது வரும் என்று தேதி கேளுங்கள். அந்தத் தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். தேதி போட்ட காகிதத்தை அலுவலகத்தில் கட்டி வைப்பது கொஞ்சம் கஷ்டம். இது என் அனுபவம்.